சட்டம் கடைமடைக்கு வந்ததா?



முதலாளித்துவம் நல்லதா கெட்டதா, செல்வம் ஒரு சிலரிடம் குவிவது சரியா தவறா, இதில் ஆட்சியில் இருப்பவர்களின் பொறுப்பு என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். லண்டனை வைத்துப் பேசலாம், மாஸ்கோவை வைத்துப் பேசலாம். நான் இன்று மன்னார்குடியை வைத்துப் பேசப்போகிறேன். களப்பாலை வைத்து, வலிவலத்தை வைத்து, கீழ்வெண்மணியை வைத்துப் பேசப்போகிறேன். இந்தக் கேள்வியைப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாத மண் இது. நம் பாட்டன் பாட்டி உடம்பால் கேட்ட கேள்வி இது.

முதலில் இன்றைய நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். பாரிஸில் இயங்கும் உலக சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு, மொத்தச் சொத்தில் 40.1 விழுக்காடு, மேலே இருக்கும் ஒரு விழுக்காட்டினர் கையில் என்று அது சொல்கிறது. நூறு பேர் உள்ள ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவரிடம் ஊர்ச் சொத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. மிச்சமுள்ள 99 பேருக்கும் சேர்த்து ஐந்தில் மூன்று. ஐந்தில் இரண்டு என்ற அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தின் வரலாற்றில் அது வேறோர் இடத்தில் வரப்போகிறது.

இது வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியலில் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவத்தையும், வாழ்க்கையில் சமத்துவமின்மையையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். அந்த முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றார். அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவு, செல்வம் பொதுநலனுக்குக் கேடாகக் குவிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்கிறது. ஆக, இது ஏதோ ஒரு கட்சியின் கொள்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பதவியேற்கும் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் சட்டத்தில் எழுதியிருப்பது இது.

"பணக்காரன் திறமையால் சம்பாதித்தான், துணிந்து முதல் போட்டான், நாலு பேருக்கு வேலை கொடுத்தான், அவனிடம் பிடுங்கினால் நாளைக்கு யார் முதல் போடுவார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சோவியத் நாட்டில் விவசாயி கையிலிருந்த நிலத்தையெல்லாம் கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்டு, விளைந்ததையும் அரசே அள்ளிக்கொண்டு போனதில், 1932-33இல் உக்ரைனில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். சமத்துவம் பேசுகிறவன் இதை மறைத்துப் பேசக்கூடாது. அதிகாரத்தைத் தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில், ஏழையின் பெயரைச் சொல்லிச் செய்ததும் ஏழையையே கொன்றது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

ஆனால், முதல் போட்டவன் யார் என்ற கேள்வியை நம் ஊர் வயலில் நின்று கேட்டுப் பாருங்கள். தஞ்சைத் தரணியின் செல்வம் எங்கிருந்து வந்தது? காவிரியிலிருந்து வந்தது. காவிரியை வயலுக்குத் திருப்பியது யார்? கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை, 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலையில் கட்டிய மேலணை, 1934இல் திறந்த மேட்டூர் அணை. எல்லாமே அரசுப் பணம், பொதுப் பணம். வாய்க்கால் தூர்வாரியது யார்? குடிமராமத்து என்ற பெயரில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? கூலியில்லாமல் வெட்டியவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். விதை யாருடையது? 1960களில் வயலெல்லாம் நிறைந்த ஏடிடீ 27 ஆடுதுறை அரசு ஆராய்ச்சி நிலையத்தின் விதை. நிலத்துக்காரர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மாடு வைத்திருந்தார், விதைநெல் கட்டிவைத்தார், தீர்வை கட்டினார். ஆனால் தண்ணீரை ஊர் கொண்டுவந்தது, அரசு கொண்டுவந்தது, வேலையை இன்னொருவர் செய்தார். விளைந்தது மட்டும் எப்படி ஒருவருடைய தனிச் சொத்தாயிற்று?

ஆக்கிய முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். பண்ணையாள் என்பவர் கூலியாள் கூட இல்லை. கடனுக்குக் கட்டுப்பட்டு, பிள்ளைகுட்டிகளோடு பண்ணையில் உழைக்கக் கடமைப்பட்டவர். விடிவதற்கு முன் வயலில் இறங்க வேண்டும். காரியக்காரர் பார்வையில் குறை தெரிந்தால் சவுக்கடி. அதற்கும் மேலே போனால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு மனிதனின் வாயில் ஊற்றியிருக்கிறார்கள். எங்கோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாக நினைக்காதீர்கள். மேட்டூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகும், 1940கள் வரைக்கும், இந்த மன்னார்குடி வட்டாரத்தில் நடந்தது இது. பொறுக்க முடியாதவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனார்கள். அங்கே தோட்டத்துரையிடம் அதே கதை. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, மலேயாவில் லட்சக்கணக்கான தொழிலாளர்களின் சங்கத் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நம் ஊரிலோ, கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாசராவ் 1940களின் தொடக்கத்தில் இங்கே வந்தார். சேரிக்குள்ளே தங்கினார், பண்ணையாட்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார், அவர்கள் பேச்சைப் பேசினார். சங்கம் கட்டினார். சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தது சங்கத்தால்தான், யாருடைய கருணையாலும் இல்லை. அதற்கு விலை என்ன? களப்பால் குப்பு 1948இல் திருச்சி சிறையில் உயிர்விட்டார். வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நாடு சுதந்திரம் அடைந்தபின் நடந்த சாவுகள் இவை, கடைசி இரண்டும் குடியரசு ஆனபின் நடந்தவை.

இங்கேதான் தலைவர்களின் பொறுப்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

1952இல் முதல் பொதுத்தேர்தல். தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் பல இடங்களைப் பிடித்தார்கள். முதலமைச்சர் நாற்காலியில் ராஜாஜி அமர்ந்தார். கம்யூனிஸ்டுகளே என் முதல் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்தவர் அவர். அந்த ராஜாஜிதான் அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு உழுபவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதினார்கள். நான் நினைவில் வைக்கச் சொன்ன கணக்கு இதுதான். உழுது, நட்டு, களை பறித்து, அறுத்துப் போரடிக்கிறவருக்கு ஐந்தில் இரண்டு கிடைக்க எத்தனை உயிர் போக வேண்டியிருந்தது! இன்றைக்கு நாட்டின் சொத்தில் அதே ஐந்தில் இரண்டு பங்கு, நூற்றில் ஒருவருக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ராஜாஜி ஏன் அதைச் செய்தார்? மிராசுதார்கள் அவருடைய கட்சியின் தூண்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு ஏன் கையெழுத்துப் போட்டார்? வயல் பற்றி எரியப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. கீழேயிருந்து அழுத்தம் வந்தது, மேலே இருந்தவர் அதைப் புரிந்துகொண்டார். இரண்டும் சேர்ந்தபோது சட்டம் பிறந்தது. கொள்கையில் நான் அவரோடு ஒத்துப்போகிறவன் அல்ல. ஆனால் தன்னுடைய ஆதரவாளர்களின் பணப்பைக்கு எதிராகக் கையெழுத்துப் போடும் துணிவு ஒரு தலைவருக்கு இருந்தது என்பதை நான் மதிக்கிறேன். இன்று எத்தனை பேரிடம் அதைப் பார்க்கிறோம்?

சரி, சட்டம் வந்துவிட்டது. வயலுக்கு வந்ததா?

மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படம் வரும். முத்துப்பேட்டைக்காரனும் வேதாரண்யத்துக்காரனும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு வறண்ட வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருப்பான். கோட்டையில் கையெழுத்தான சட்டங்களுக்கும் இந்தக் கதிதான். நடுவில் இருக்கிற மதகுகள் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

1952 சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட, நிலம் வைத்திருப்பவர்களைத்தான் அது கட்டுப்படுத்தியது. உடனே பாகப்பிரிவினைகள் நடந்தன. பண்ணையாளை நீக்கக்கூடாது என்றது சட்டம். பண்ணையாள் என்ற ஏற்பாட்டையே மெல்ல மெல்லக் கைவிட்டு, தினக்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். அடிமைத்தனம் போனது உண்மை. அதோடு, கஞ்சிக்காவது உத்தரவாதம் என்றிருந்ததும் போயிற்று. முதலாளித்துவம் நம் வயலுக்குள் வந்த வழி இதுதான். மனிதனைக் கட்டிப்போட்ட கயிறு அறுந்தது, கையில் பிடித்துக்கொள்ள வேறெதுவும் கொடுக்கப்படவில்லை.

1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. உரம், கடன், புதிய விதை எல்லாம் வந்தன. விளைச்சல் கூடியது. யாருக்குக் கூடியது? நிலமும் ரொக்கமும் இருந்தவருக்குக் கூடியது. விளைச்சல் கூடியதைத் தன் கையால் அறுத்து, தன் தலையால் சுமந்து, களத்துமேட்டில் கொட்டியவர், "எனக்கும் கொஞ்சம் கூட்டிக்கொடுங்கள்" என்று கேட்டார். கேட்டது குற்றமா?

1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு ஓர் ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டே, கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்காகத்தான் கீழ்வெண்மணி எரிந்தது என்று இந்த மண்ணில் இன்றும் சொல்கிறார்கள். அரைப்படி மட்டுமே காரணம் அல்ல. செங்கொடியை இறக்கு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கட்டுப்படு என்றார்கள். இறக்க மாட்டோம் என்றார்கள் தொழிலாளர்கள். 1968 டிசம்பர் 25 இரவு. கிறிஸ்துமஸ் இரவு. அடியாட்களோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஓட முடிந்த ஆண்கள் ஓடினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர். பெண்கள், கைக்குழந்தைகள், கிழவர்கள். 44 பேர்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் எட்டு நிலப்பிரபுக்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலம் வைத்திருக்கும் வசதியான மனிதர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

சமத்துவமின்மை என்றால் வருமானத்தில் ஏற்றத்தாழ்வு என்று பாடப்புத்தகம் சொல்லும். மாணவர்களே, வெண்மணி சொல்வது வேறு. செல்வம் ஓர் அளவுக்கு மேல் குவிந்துவிட்டால் அது சோற்றோடு நிற்பதில்லை. அது சாட்சியத்தின் எடையை மாற்றுகிறது. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்பதை அது தீர்மானிக்கிறது. கார் வைத்திருப்பதே குற்றம் செய்யாததற்குச் சான்றாகிறது. இதற்காகத்தான் செல்வக் குவிப்பைக் கண்டு நாம் அஞ்ச வேண்டும் என்கிறேன். பொறாமையால் பேசுகிறோம் என்று சொல்பவர்கள் ஒருமுறை வெண்மணி நினைவிடத்துக்குப் போய் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு வரட்டும்.

தலைவர்களுக்குத் தெரியாமல் நடந்ததா? நிலத் தகராறுகள் நாடெங்கும் முற்றிவருவதைப் பற்றி மத்திய உள்துறை அமைச்சகமே 1969இல் ஓர் அறிக்கை தயாரித்தது. தெரிந்துதான் இருந்தது.

வெண்மணிக்குப் பிறகு அரசு அசைந்தது. கூலியை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைத்தார்கள். 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைந்தது. இவற்றையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றை நான் சொல்கிறேன். 1971இல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். நிலத்துக்காரர் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். அதுவரை கூலி பேச வாயைத் திறந்தால் என்ன பதில் வரும்? "கொல்லையைக் காலி பண்ணு." இரவோடு இரவாகக் கூரையைப் பிய்த்துப் போட்டால் மனைவி மக்களோடு எங்கே போவான்? நாலு சென்ட் மனை கையில் வந்த பிறகுதான் அவன் நிமிர்ந்து நின்று கூலி பேசினான். என்னைக் கேட்டால், உச்சவரம்புச் சட்டத்தைவிட இந்த மனைக்கட்டுச் சட்டம்தான் தஞ்சையில் மனிதர்களை மாற்றியது.

உச்சவரம்பு ஏன் அந்த அளவுக்கு மாற்றவில்லை? 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு உச்சவரம்புத் தீர்மானம் போட்டது. சட்டம் வந்தது 1961இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த நாட்களில் பத்திரப்பதிவு அலுவலகங்களில் கூட்டம். மகன் பெயரில், மருமகள் பெயரில், மைத்துனர் பெயரில், காரியக்காரர் பெயரில், அறக்கட்டளை பெயரில் நிலம் பிரிந்தது. பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருந்தது. மசோதாவிலிருந்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லிச் சீனிவாசராவ் மறியலில் இறங்கினார். ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். 1961 செப்டம்பரிலேயே அவர் மறைந்தார். ஓட்டைகள் இருந்தன, அவர் இல்லை.

அரசு செய்யாததை இரண்டு மனிதர்கள் செய்து காட்டினார்கள். கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர். வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பக்கம் வந்து தங்கினார்கள். வலிவலத்தில் அறக்கட்டளைப் பெயரில் கிடந்த நிலத்துக்காகச் சத்தியாகிரகம் செய்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் சுமார் 13,000 குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்தது பெண்கள் பெயரில். கவனியுங்கள், பெண்கள் பெயரில். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் நடந்த நிலமாற்றம் இது. ஆனாலும் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அரசாங்கத்தின் வேலையை, இரண்டு பேர் வயதான காலத்தில் ஊர் ஊராக நடந்து செய்ய வேண்டியிருந்ததே! 2008இல் ஸ்வீடனில் அவர்களுக்கு வாழ்வுரிமை விருது கொடுத்தார்கள். 2020இல் கிருஷ்ணம்மாளுக்கு பத்மபூஷண் அறிவித்தார்கள். விருது கொடுத்தவர்கள் அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்து நடத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மிராசுதார் வீட்டுப் பேரன் ஒருவர் இந்த அவையில் எழுந்து, "எங்கள் நிலத்துக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தீர்களே, மற்றச் சொத்துக்கெல்லாம் ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நியாயமான கேள்வி என்பேன். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கியபோது இந்த உச்சவரம்பை எதிர்த்தார். சொத்துரிமையில் கை வைக்காதே என்பது அவர் வாதம். அந்த முடிவு தவறு. ஆனால் நிலத்துக்கு ஒரு நீதி, மற்றதற்கு ஒரு நீதியா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பதில் சொல்ல ஒரு முயற்சி நடந்தது. 1953இல் மரபுச் சொத்துக்கு எஸ்டேட் வரி போட்டார்கள். 1957இல் செல்வ வரி போட்டார்கள். 1985இல் முதலாவதை எடுத்துவிட்டார்கள். 2015இல் இரண்டாவதையும் எடுத்துவிட்டார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்றார்கள். ஏன் குறைவு? ஓட்டைகள். உச்சவரம்பில் பார்த்த அதே ஓட்டைகள். ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாக வாய்க்காலையே மூடிவிட்டார்கள். நகர்ப்புற நில உச்சவரம்பையும் 1999இல் ரத்து செய்தாயிற்று. இன்று 16 ஸ்டாண்டர்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். பதினாறாயிரம் கோடி வைத்திருப்பவர் அதை அப்படியே பிள்ளைக்கு விட்டுப் போகலாம், ஒரு ரூபாய் வாரிசு வரி கிடையாது. தஞ்சை விவசாயி தாங்கியதை மும்பைச் செல்வந்தர் தாங்க மாட்டாரா? அவரிடம் போய் இதைச் சொல்ல எந்தத் தலைவருக்குத் துணிவு வரும்? 1952இல் ஒருவருக்கு வந்ததே!

நண்பர்களே, பழைய மிராசு இன்று இல்லை. பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வந்து ஆள் வேலையைத் தின்றுவிட்டது. 2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் வந்த தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. ஏன் என்று யோசித்துப் பாருங்கள், நெற்களஞ்சியத்தில் வேலையில்லை! ஆனால் நிலம் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது, உழுவது இன்னொருவர் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. வாய்மொழிக் குத்தகை. காகிதம் கிடையாது.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கிடைக்காது. பயிர்க் காப்பீடு கிடைப்பது பெரும்பாடு. 2019இலிருந்து மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறதே, அது பட்டாதாரருக்கு, உழுகிறவருக்கு இல்லை. 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் அந்த விலைக்குப் போட வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். காகிதம் இல்லாதவர் நிலத்துக்காரரின் தயவில் போட வேண்டும், அல்லது வியாபாரி கேட்ட விலைக்குக் களத்திலேயே கொடுக்க வேண்டும். புயல் வந்தால், வெள்ளம் வந்தால், நட்டது அழுகினால், நிவாரணம் சென்னையில் இருப்பவர் வங்கிக் கணக்குக்குப் போகும். அழுகிய பயிரை அள்ளிக் கரையில் போடுகிறவர் கடனோடு நிற்பார். குழுக் கடன் வசூலிக்க வருகிறவர் அவர் வீட்டு வாசலில் நிற்பார்.

இதற்கு 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, பதிவு இல்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அப்படிப் பயந்தால் அவரைக் கொடுமைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆந்திரம் 2019இல் ஒரு வழி பார்த்தது. உரிமையைத் தொடாமல், சாகுபடி செய்பவருக்கு 11 மாதத்துக்கு ஓர் அட்டை, அதை வைத்துக் கடனும் நிவாரணமும் பெறலாம். நல்ல யோசனை. ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்ததால், போடாதவர்களின் குத்தகைதாரர்கள் வெளியே நிற்கிறார்கள். மேற்கு வங்கம் 1978இல் வேறு வழியில் போனது. வருவாய்த்துறை அதிகாரிகள் மாலை நேரத்தில் கிராமத்துக்கே போனார்கள். நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்காராமல், உழுபவர்கள் கூடுகிற இடத்தில் உட்கார்ந்தார்கள். யார் வயலில் யார் உழுகிறார் என்று ஊர் முன்னால் கேட்டு எழுதினார்கள். சுமார் 14 லட்சம் வாரதாரர்கள் பதிவானார்கள். புதிதாக எந்தப் புரட்சிச் சட்டமும் தேவைப்படவில்லை. இருந்த சட்டத்தை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் வயல் வரை நடந்தார்கள், அவ்வளவுதான். அப்படி நடக்கச் சொன்னவர்கள் அரசியல் தலைவர்கள்.

இங்கே யார் நடக்கச் சொல்வது? நம் அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே உண்மையில் உழுகிறவர் பெயரை எழுதச் சொல்லி ஓர் ஆணை போதும். அதை உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் நாம் கேட்டிருக்கிறோமா? எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. வாக்குக் கேட்டு வருபவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எங்கள் ஊரில் உழுகிறவர் பெயரை அடங்கலில் ஏற்றுவீர்களா, எத்தனை மாதத்தில்?"

வரும் கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். புல எண், பரப்பு, இந்தச் சம்பாவில் நட்டவர் பெயர் என்ற மூன்று விவரத்தோடு பட்டியலை நீங்களே தயார் செய்து, சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஆட்சேபம் இருப்பவர் அங்கேயே சொல்லட்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் மாதிரி வாசகம் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் இருக்கும், ஊருக்கு இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், கடைசி ஆள் கேட்டு முடிக்கும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.